ஓசிடிக்கு மாத்திரையா, பயிற்சியா, பேச்சா? எதை முதலில் எடுப்பது?

ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய், என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் முதலில் கிளம்பும் கேள்வி, மாத்திரை போதுமா, கவுன்சிலிங்கும் போகவேண்டுமா என்பதுதான். பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. மாத்திரை வேண்டவே வேண்டாம், அப்புறம் விடமுடியாது என்பார் ஒரு சித்தப்பா. மனசைத் திடமாக வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் ஓர் அத்தை. சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு எதற்குப் பணம் என்பார் இன்னொருவர். என் தம்பிக்கு இந்த நோய் இருப்பதால் இந்தப் பேச்சு எல்லாவற்றையும் நாங்களும் கேட்டுவிட்டோம். நான் மருத்துவர் இல்லை, ஆனால் இத்தனை வருடங்களில் படித்ததையும் பார்த்ததையும் வைத்து, இருக்கிற வழிகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எத்தனை தடவை கை கழுவுகிறார் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, கழுவும்போது உள்ளே என்ன நினைப்பு ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் சரியான வழியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

அதனால் முதலில் நினைப்பைப் பற்றி.

கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும்போது, கீழே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நொடி தோன்றும். ரயில் உள்ளே வரும்போது, குதித்துவிட்டால் என்று தோன்றும். சாமி படத்தின் முன்னால் நிற்கும்போது ஓர் அசிங்கமான காட்சி வந்து போகும். இதெல்லாம் நோயாளிகளுக்கு மட்டும் வருகிற எண்ணங்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். 1978-இல் ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளரும், இலங்கையைச் சேர்ந்த பத்மல் டி சில்வாவும் லண்டனில் இதை ஆராய்ந்தார்கள். எந்த நோயும் இல்லாத பெரும்பாலானவர்களுக்கும் இதே மாதிரி எண்ணங்கள் வருவது தெரிந்தது. எழுதி வைத்த எண்ணங்களைப் படித்து, இது நோயாளியுடையது, இது மற்றவருடையது என்று பிரிக்க நிபுணர்களே திணறினார்கள். 2014-இல் ஆடம் ராடோம்ஸ்கியின் குழு 13 நாடுகளில் 777 கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, முந்தைய மூன்று மாதங்களில் இப்படி ஓர் எண்ணமாவது வந்ததாகச் சொன்னவர்கள் 93.6 சதவீதம்.

எல்லோருக்கும் வருகிறது என்றால் சிலருக்கு மட்டும் ஏன் நோயாகிறது? மூளையின் சில சுற்றுகள் வேலை செய்யும் விதம், பரம்பரை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் 1985-இல் பால் சால்கோவ்ஸ்கிஸ் சொன்ன விளக்கம் இன்றைக்கும் சிகிச்சை அறையில் பயன்படுகிறது. வந்துபோகும் எண்ணத்துக்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது என்றார் அவர். குழந்தையைக் கீழே போட்டுவிட்டால் என்று தோன்றியதும், ‘என்னடா இது அபத்தம்’ என்று ஒருத்தி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள். இன்னொருத்திக்கோ, ‘இப்படி நினைக்கிறேனே, நான் என்ன மாதிரி அம்மா? இதை நான் தடுத்தே ஆகவேண்டும்’ என்று ஓடுகிறது. குழந்தையைத் தூக்காமல் இருக்கிறாள், கத்தியை எல்லாம் பரணில் ஏற்றுகிறாள், கணவனிடம் ‘நான் ஒன்றும் செய்துவிட மாட்டேன்தானே’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். உண்மையில் அவளுக்கு அந்த எண்ணம் இவ்வளவு அருவருப்பாக இருப்பதே, அது அவளுடைய விருப்பத்துக்கு நேர் எதிரானது என்பதால்தான்.

இந்த அர்த்தம் கொடுக்கும் பழக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் சில வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பொறுப்பை அளவுக்கு மீறித் தலையில் ஏற்றிக்கொள்வது ஒன்று: தெருவில் கிடந்த கண்ணாடித் துண்டைப் பார்த்தேன், எடுக்கவில்லை, யாராவது மிதித்தால் நான்தான் குத்தியதாக அர்த்தம் என்கிற நினைப்பு. நினைத்தாலே செய்த மாதிரிதான், அல்லது நினைத்தால் நடந்துவிடும் என்பது இன்னொன்று. கெட்டதை நினைக்காதே, பலித்துவிடும் என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கும் நம் வீடுகளில் இதை ஒரு தவறான நினைப்பு என்று அடையாளம் காண்பதே கஷ்டம். அப்புறம், நூறு சதவீதம் உறுதி வேண்டும் என்ற பிடிவாதம், ஆபத்தைப் பெரிதாகக் கணக்குப் போடுவது, எண்ணங்களை முழுக்கக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு, எல்லாம் மிகச்சரியாக இருக்கவேண்டும் என்பது. பெரும்பாலும் ஒருவரிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

கழுவுவது, சரிபார்ப்பது, ஆறுதல் கேட்பது என்று பயத்தை அடக்கத் திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் இங்கே சடங்கு என்கிறேன். சடங்கு செய்தால் மனசு அடங்குகிறதே என்று தோன்றும். அடங்கத்தான் செய்யும், பத்து நிமிடத்துக்கு. ஆனால் அந்தப் பத்து நிமிட நிம்மதிதான் அடுத்த முறையும் சடங்கைச் செய்யவைக்கிறது. செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனசுக்குத் தெரியவே வராது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹவுட்டும் மெரல் கிண்ட்டும் 2003-இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. நோய் இல்லாத சாதாரண ஆட்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை அணைத்து அணைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள், 20 தடவை. கடைசியில் கேட்டபோது அவர்களுடைய நினைவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நினைவின் மேல் இருந்த நம்பிக்கை விழுந்துவிட்டது, காட்சியும் மங்கிவிட்டது. அதாவது, ரெகுலேட்டரை மூடினோமா என்று மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பதால்தான் மூடினோமா என்ற சந்தேகம் வளர்கிறது. இது தெரிந்தபோது என் தம்பி முதல்முறையாக, தனக்கு ஞாபகசக்தியில் கோளாறு இல்லை என்று நம்பினான்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

மனசை அடக்குவது என்ற வழியை இரண்டே வரியில் முடித்துவிடலாம். 1987-இல் டேனியல் வெக்னர் அமெரிக்காவில் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார், அவர்களால் முடியவில்லை. தடையை எடுத்தபிறகு, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்கள் அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். ‘அதை நினைக்காதே’ என்பதும், மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டிக்கொள்ளச் சொல்வதும் இதே ரகம். இன்றைக்கும் சில இடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். வேண்டாம்.

மாத்திரை. ஓசிடிக்குக் கொடுப்பது பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ வகை, மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்துகள்தான்: ஃப்ளூவாக்ஸடின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்சமைன், எஸிடாலோபிராம் போன்றவை. இவை தூக்க மாத்திரையோ, போதை ஏற்றி அடிமையாக்கும் மருந்தோ இல்லை. சித்தப்பாக்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டால் நல்லது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும் என்பதால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். தெரிந்துகொள்ளவேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குப் பொதுவாக அளவு கூடுதலாகத் தேவைப்படும். ஃப்ளூவாக்ஸடின் என்றால் 60, 80 மில்லிகிராம் வரையும், செர்ட்ராலின் என்றால் 200 வரையும் போகலாம். அடுத்தது, வேலை செய்கிறதா என்று தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்று வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிட்டு, எனக்கு மாத்திரை ஒத்துவரவில்லை என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர். ஆரம்பத்தில் வயிற்றுப் பிரச்சினை, தலைவலி வரலாம். பாலுறவில் ஆர்வம் குறைவது பலருக்கு உண்டு, வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லவேண்டிய விஷயம் அது. 25 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டில் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். பழைய மருந்தான க்ளோமிப்ரமைன் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் வாய் உலர்தல், மலச்சிக்கல், இதயத் துடிப்பு மாற்றம் என்று பக்கவிளைவுகள் கூடுதல்.

மாத்திரையின் பெரிய பலம், எளிதாகக் கிடைப்பது. அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்கலாம், ஊரில் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர் யாருமே இல்லாவிட்டாலும் இதைத் தொடங்கிவிடலாம். பலவீனம், அது நினைக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்து மாற்றுவதில்லை. பயத்தின் சத்தத்தைக் குறைக்கும், அதற்குமேல் வேலை நம்முடையது.

இனி ஈஆர்பி. பயப்படும் விஷயத்தை வேண்டுமென்றே எதிர்கொண்டு, சடங்கை மட்டும் செய்யாமல் இருக்கும் பயிற்சி. 1966-இல் விக்டர் மேயர் லண்டனில் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்து எழுதியதிலிருந்து இது வளர்ந்தது. எதற்கெல்லாம் பயம் என்று குறைந்ததிலிருந்து அதிகம் வரை பட்டியல் போட்டு, சிகிச்சையாளருடன் சேர்ந்து ஒவ்வொன்றாகச் செய்வார்கள். தீட்டுப் பயம் உள்ளவர் பஸ் கம்பியைப் பிடித்துவிட்டு, கை கழுவாமல் வீட்டுக்கு வந்து தலையணையைத் தொடுவார். கேஸ் பயம் உள்ளவர் ஒரே ஒரு தடவை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கிளம்புவார். மனசு படபடக்கும், அதோடு இருந்து பார்ப்பார். பதற்றம் தானாகவே இறங்கலாம், சில நாள் இறங்காமலும் போகலாம். இறங்கினாலும் இறங்காவிட்டாலும், பயந்தது நடக்கவில்லை என்பதையும், இந்தப் படபடப்பைத் தன்னால் தாங்கமுடிகிறது என்பதையும் உடம்போடு கற்றுக்கொள்வதுதான் இங்கே நடக்கிறது. பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள், கூடவே தினமும் வீட்டுப்பாடம்.

ஈஆர்பி பற்றி நம் ஊரில் ஒரு பயம் உண்டு, பக்தி உள்ளவர்களைச் சாமியை அவமதிக்கச் சொல்வார்கள் என்று. நல்ல சிகிச்சையாளர் அப்படிச் சொல்லமாட்டார். பூஜை அறையில் கெட்ட எண்ணம் வருகிறது என்றால், வந்தபிறகு பரிகாரமாக 108 தடவை மந்திரம் சொல்லாமல், மற்ற பக்தர்களைப் போலக் கும்பிட்டுவிட்டு வெளியே வரச் சொல்வார். பக்தியில் கைவைப்பதில்லை, பரிகாரச் சடங்கை மட்டும் நிறுத்துகிறார். எண்ணிக்கை, சுத்தம், மனதுக்குள் ஓடும் பதில்-மந்திரம் இவற்றில் எது வழிபாடு, எது நோய் என்று பிரித்துக்கொள்ள, நம்பிக்கையான ஒரு குருக்களிடமோ இமாமிடமோ பாதிரியாரிடமோ ஒரே ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம். ஒரே முறை. இரண்டாம் முறை கேட்டால் அதுவே சடங்காகிவிடும்.

மாத்திரையையும் ஈஆர்பியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. எட்னா ஃபோவாவின் குழு 2005-இல் வெளியிட்ட 12 வார ஆய்வில், நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் ஈஆர்பி மட்டும் செய்தவர்களில் 62 சதவீதம், க்ளோமிப்ரமைன் மட்டும் எடுத்தவர்களில் 42, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 70, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8. சிகிச்சையை நிறுத்திய பிறகு என்ன ஆனது என்பதுதான் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அடுத்த 12 வாரங்களில் நோய் திரும்பியது, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு. ஈஆர்பி செய்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு. கற்றுக்கொண்டது கூடவே தங்குகிறது. குழந்தைகளிடம் 2004-இல் வந்த பெரிய ஆய்வில் முழுமையாகத் தேறியவர்கள், செர்ட்ராலினோடு பயிற்சியும் சேர்ந்தபோது 53.6 சதவீதம், பயிற்சி மட்டும் 39.3, மாத்திரை மட்டும் 21.4. ஏற்கெனவே மாத்திரை எடுத்து அரைகுறையாகத் தேறியவர்களுக்கு அடுத்து என்ன சேர்ப்பது என்று 2013-இல் ஹெலன் பிளேர் சிம்சன் குழு பார்த்தது: ஈஆர்பி சேர்த்தவர்களில் 80 சதவீதம் பேருக்குப் பலன், ரிஸ்பெரிடோன் என்ற இரண்டாவது மருந்து சேர்த்தவர்களில் 23. இரண்டாவது, மூன்றாவது மாத்திரை எழுதப்படும்போது, ‘ஈஆர்பி முயன்று பார்க்கலாமா டாக்டர்’ என்று கேட்க இந்த ஒரு ஆய்வே போதும் என்பேன்.

இவ்வளவு சொன்னாலும் ஈஆர்பி கஷ்டம். பாதியில் விடுபவர்கள் உண்டு, தொடங்கவே மறுப்பவர்களும் உண்டு. அங்கேதான் மூன்றாவது வழி வருகிறது.

நினைப்பையே நேராகப் பரிசோதிக்கும் சிகிச்சை. சடங்குகளைவிட, நான் முன்னால் சொன்ன அந்த அர்த்தங்களில் இது கைவைக்கிறது. பொறுப்புணர்வு அதிகம் உள்ளவரை ஒரு வட்டம் வரையச் சொல்வார்கள். வீட்டில் தீப்பிடித்தால் அதற்கு யார் யார், எது எது காரணமாக இருக்கலாம்? சிலிண்டர் கம்பெனி, பழைய டியூப், மின்கசிவு, பக்கத்து வீடு என்று ஒவ்வொன்றுக்கும் பங்கு ஒதுக்கிவிட்டுக் கடைசியில் தன் பங்கைப் போடவேண்டும். முழு வட்டமும் என்னுடையது என்று வந்தவருக்கு மெல்லிய ஒரு துண்டுதான் மிஞ்சும். நினைத்தால் நடந்துவிடும் என்று பயப்படுகிறவரிடம், இந்த வாரம் முழுக்கச் சிகிச்சையாளரின் கால் சுளுக்கிக்கொள்ளவேண்டும் என்று தினமும் நினைத்துவிட்டு வரச் சொல்வார்கள். அடுத்த வாரம் அவர் நன்றாக நடந்து வருவார். ஆய்வுகளில் இந்தச் சிகிச்சையின் பலன் ஈஆர்பிக்கு அருகில்தான் வருகிறது. நடைமுறையில் நல்ல சிபிடி (நினைப்பையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) நிபுணர்கள் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஓசிடி உள்ளவருடைய மூளை வாதம் செய்வதில் கெட்டி. வட்டம் வரைந்து வந்த முடிவை, ‘என் பங்கு ஐந்து சதவீதம்தான், ஐந்து சதவீதம்தான்’ என்று பயம் வரும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டால், அது புது மந்திரமாகிவிட்டது. சிகிச்சையாளரிடம் வாராவாரம் போய் ‘நான் கெட்டவன் இல்லைதானே’ என்று உறுதி வாங்கிக்கொண்டு வருவதும் அதே கதை. இப்படி ஆறுதல் வாங்கும் இடமாக மாறிப்போன கவுன்சிலிங் மாதக்கணக்கில் ஓடும், நோய் அப்படியே இருக்கும். அதனால்தான் பேச்சு மட்டும் உள்ள சிகிச்சையை நான் முதலிடத்தில் வைக்கமாட்டேன். ஈஆர்பிக்குள் காலடி வைக்க உதவும் அளவுக்குப் பேச்சு, அதற்குமேல் செயல்.

நான்காவதாக ஒன்று, கனடாவின் மான்ட்ரியலில் கீரன் ஓ'கானரும் ஃபிரெடெரிக் ஆர்டெமாவும் வளர்த்தெடுத்த ஐ-சிபிடி, அனுமானத்தை மையமாக வைத்த சிபிடி. இது இன்னும் ஒரு படி பின்னால் போகிறது: அந்தச் சந்தேகமே எப்படி உருவானது? பூட்டு பூட்டியிருப்பதைக் கண் பார்க்கிறது, கை இழுத்துப் பார்த்துவிட்டது, ஆனாலும் ‘ஒருவேளை’ என்று கற்பனை ஒரு கதையைச் சொல்லி ஐம்புலன் சொன்னதைத் தள்ளிவிடுகிறது. அந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்று பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சி கட்டாயம் இல்லை என்பதால் ஈஆர்பியை மறுப்பவர்களுக்கு இது ஒரு கதவு. இதுவரை வந்த முடிவுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் ஈஆர்பி அளவுக்கு ஆதாரம் சேரவில்லை, பயிற்சி பெற்றவர்களும் குறைவு.

இப்போது யாருக்கு எது? வேலைக்கோ பள்ளிக்கோ போய்வர முடிகிறது, பக்கத்தில் ஈஆர்பி தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றால், முதலில் ஈஆர்பி. நாளில் பல மணி நேரம் சடங்கிலேயே போகிறது, கூடவே மனச்சோர்வு, பட்டியலின் முதல் படியைக்கூடத் தொடமுடியவில்லை என்றால், மாத்திரையைத் தொடங்கிவிட்டு, கொஞ்சம் தலைதூக்கியதும் ஈஆர்பி. என் தம்பி இப்படித்தான் போனான். பொருட்கள் நேராக இல்லாவிட்டால் உள்ளே ஏதோ உறுத்துகிறது, ஆனால் எந்த விபரீதத்தைப் பற்றியும் பயமில்லை என்பவரிடம் பொறுப்பு வட்டம் வரைந்து பயனில்லை, நேராக ஈஆர்பிதான். வெளியே சடங்கே தெரியாமல் எல்லாம் மனதுக்குள்ளேயே நடக்கிறவர்கள் (எண்ணத்துக்குப் பதில் எண்ணம், பிரார்த்தனை, பழைய சம்பவத்தை ஓட்டி ஓட்டிப் பார்ப்பது) எனக்கு ஈஆர்பி பொருந்தாது என்று நினைத்துவிடுகிறார்கள். பொருந்தும், அந்த உள்சடங்கை அடையாளம் காட்டத்தான் பேச்சு கூடுதலாகத் தேவைப்படும். எந்த வழியாக இருந்தாலும், ‘ஒன்றும் ஆகாதுப்பா’ என்று வீட்டில் உள்ளவர்கள் நாளுக்கு நூறு தடவை சொல்லும் ஆறுதலை மெல்லக் குறைக்கவேண்டும். திடீரென்று வெட்டாமல், நோயாளியோடும் சிகிச்சையாளரோடும் பேசி வைத்துக்கொண்டு.

எங்கே போவது? மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர் இருப்பார், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப்பிரிவு உண்டு. யாரிடம் போவது என்றே தெரியவில்லை, அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால், 14416-க்கு அழைக்கலாம், இந்திய அரசின் டெலிமானஸ் எண், தமிழிலும் பேசுவார்கள்.

சிகிச்சையாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: ஓசிடிக்கு என்ன முறையில் செய்வீர்கள், வீட்டுப்பாடம் கொடுப்பீர்களா, முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? சின்ன வயதுக் கதைகளையும் மூச்சுப் பயிற்சியையும் மட்டுமே பேசினால் வேறு ஒருவரைத் தேடுங்கள். அளப்பதற்கு ஒய்-பாக்ஸ் என்ற அளவுகோல் இருக்கிறது, 0 முதல் 40 வரை. தொடங்கும் முன் ஒரு முறை போட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, 12 வாரம் கழித்து மறுபடி போடச் சொல்லுங்கள். சுமார் 35 சதவீதமாவது குறைந்திருந்தால் அதே வழியில் தொடரலாம். குறையவில்லை என்றால், மாத்திரை அளவு போதுமானதாக இருந்ததா, வீட்டுப்பாடம் நிஜமாகவே நடந்ததா, உள்ளே கண்டுபிடிக்கப்படாத சடங்கு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, அப்புறம் வழியை மாற்றுங்கள்.